எல்டிஎச் ஏன் இவ்வளவு உயர்கிறது: மெகலோபிளாஸ்டிக் ரத்தசோகையின் நொதி அறிக்கையை வரிசையாகப் படிக்கும் முறை

பயிற்சிக்காக ஓர் அறிக்கையை எடுத்துக்கொள்வோம். ஹீமோகுளோபின் 5.2 கிராம், எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) 118 ஃபெம்டோலிட்டர், மொத்த பிலிருபின் (ஹீமோகுளோபின் உடைவதால் வரும் மஞ்சள் நிறமி) 2.6 மில்லிகிராம், அதில் நேரடி பிலிருபின் (கல்லீரல் பதப்படுத்திய வகை) 0.5, கல்லீரல் அறிக்கையில் வரும் நொதிகளான எஸ்ஜிஓடி 72, எஸ்ஜிபிடி 28, எல்டிஎச் (லாக்டேட் டீஹைட்ரஜனேஸ் என்ற நொதி) 3,400 யூனிட். ஆய்வகப் பயிற்சிக்கு வருபவர்களும் புதிதாக வார்டுக்கு வரும் இளம் மருத்துவர்களும் இதைப் பார்த்தவுடன் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் சொல்கிறார்கள்: கல்லீரல் கெட்டிருக்கிறது, அல்லது சிவப்பணுக்கள் ரத்த ஓட்டத்தில் உடைகின்றன. இரண்டுமே இங்கே பொருந்தாது; இது பி12 அல்லது ஃபோலேட் குறைவால் சிவப்பணுவின் முன்னோடிச் செல்கள் எலும்பு மஜ்ஜைக்குள்ளேயே இறக்கும் மெகலோபிளாஸ்டிக் ரத்தசோகை. நொதி எண்ணை முதலில் பார்த்து, மற்றவற்றை அதற்கு ஏற்ப வளைப்பதால்தான் இந்தத் தவறு வருகிறது. கீழே உள்ள வரிசை அதைத் தவிர்ப்பதற்கானது. படிப்பவர்களுக்கும் ஆய்வகத்தில் பணிபுரிபவர்களுக்கும் எழுதப்பட்டது. நோயாளி தானே மருந்தைத் தீர்மானிப்பதற்கு இது உதவாது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முழு ரத்த எண்ணிக்கை, ஸ்மியர் (கண்ணாடித் தகட்டில் பரப்பிய ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்ப்பது), ரெட்டிகுலோசைட் (மஜ்ஜையிலிருந்து புதிதாக வந்த இளம் சிவப்பணு) எண்ணிக்கை, மொத்த பிலிருபினும் நேரடி பிலிருபினும், எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, எல்டிஎச் ஆகியவை ஒரே நாளில் எடுத்த ரத்தத்திலிருந்து வந்திருக்க வேண்டும். மூன்று நாள் இடைவெளியில் எடுத்த எண்களை அருகருகே வைத்துப் படித்தால், குறிப்பாகச் சிகிச்சை இடையில் தொடங்கியிருந்தால், வெவ்வேறு கட்டங்களை ஒரே கட்டமாக எண்ணிவிடுவோம்.

நோயாளியிடம் கேட்க வேண்டியவையும் உண்டு. பால், முட்டை, இறைச்சி உணவில் இருக்கின்றனவா? இரைப்பையிலோ சிறுகுடலின் கடைப்பகுதியிலோ அறுவை நடந்திருக்கிறதா? மெட்ஃபார்மின், மெத்தோட்ரெக்சேட், ஃபெனிட்டோயின், ஹைட்ராக்சியூரியா, சிடோவுடின் போன்ற மருந்துகள் போகின்றனவா? எல்லாவற்றுக்கும் மேலாக, கடந்த இரண்டு வாரங்களில் யாராவது சத்து ஊசி போட்டார்களா? நம் ஊர்களில் சோர்வு என்று மருத்துவரிடம் போனாலே பி12 கலந்த ஊசி போடும் பழக்கம் பரவலாக இருப்பதால், இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிட்டால் பின்னால் வரும் எல்லாக் கணக்கும் தடம் மாறும்.

பி12, ஃபோலேட் அளவுகளுக்கான ரத்தத்தை ஊசிக்கும் ரத்தம் ஏற்றுவதற்கும் முன்பே எடுத்து வைக்க வேண்டும். ஊசிக்குப் பிறகு அளந்த பி12 அளவு, குறைபாடு இருந்ததா என்பதைச் சொல்லாது.

2. மாதிரி நம்பத்தக்கதா என்று பார்ப்பது

சிவப்பணுவுக்குள் இருக்கும் எல்டிஎச், சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரில்) இருப்பதைவிட 100 மடங்குக்கும் அதிகம். எனவே ஊசி குத்தும்போதோ, குழாயைக் குலுக்கும்போதோ, சீரத்தைப் பிரிக்காமல் நெடுநேரம் வைத்திருக்கும்போதோ கொஞ்சம் அணுக்கள் உடைந்தாலே எல்டிஎச் பொய்யாக உயரும். சீரம் இளஞ்சிவப்பாக இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். கருவி ஹீமோலிசிஸ் குறியீட்டை (மாதிரியில் அணுக்கள் உடைந்த அளவைக் காட்டும் எண்) தருமானால் அதையும் பாருங்கள்.

பொட்டாசியம் இங்கே நல்ல சாட்சி. குழாயில் அணுக்கள் உடைந்தால் எல்டிஎச்சுடன் பொட்டாசியமும் ஏறும். மெகலோபிளாஸ்டிக் ரத்தசோகையில் எல்டிஎச் பல மடங்கு ஏறியிருக்கும்போதும் பொட்டாசியம் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும்; உடலுக்குள் வெளியாகும் பொட்டாசியத்தைச் சிறுநீரகம் அவ்வப்போது வெளியேற்றிவிடுகிறது.

சேமிக்கும் முறையிலும் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. எல்டிஎச் நொதியின் ஐந்து வடிவங்களில் நான்காவதும் ஐந்தாவதும் குளிரில் செயலிழப்பவை. ஆகவே எல்டிஎச் பார்க்க வேண்டிய சீரத்தைப் பிரித்தபின் அறை வெப்பத்தில் வைத்து விரைவில் அளப்பதே நல்லது. ஆனால் அதே நோயாளிக்கு ஹோமோசிஸ்டீன் (பி12, ஃபோலேட் குறைவில் ரத்தத்தில் தேங்கும் ஒரு பொருள்) கேட்டிருந்தால் அந்தக் குழாயைப் பனிக்கட்டியில் வைத்து உடனே பிரிக்க வேண்டும், ஏனென்றால் அணுக்கள் குழாய்க்குள்ளும் ஹோமோசிஸ்டீனை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். இரண்டு குழாய்களையும் ஒரே பெட்டியில் போட்டு அனுப்பினால் இரண்டில் ஒன்று கெடும்.

3. எல்டிஎச் எண்ணை மடங்காக மாற்றுவது

இந்த நொதியை அளக்க இரண்டு முறைகள் உள்ளன. லாக்டேட்டைப் பைருவேட்டாக மாற்றி அளப்பது ஒன்று. பைருவேட்டை லாக்டேட்டாக மாற்றி அளப்பது மற்றொன்று. இரண்டாவது வினை வேகமானது என்பதால் அதில் வரும் எண் ஏறத்தாழ இரு மடங்காக இருக்கும், இயல்பு எல்லையும் அதற்கேற்ப உயர்ந்திருக்கும்.

முதல் முறையில் மேல் எல்லை 250 யூனிட் அளவில் இருக்கும். அப்படியானால் நம் அறிக்கையின் 3,400 என்பது ஏறத்தாழ 14 மடங்கு. இரண்டாவது முறையில் மேல் எல்லை 460 என்று அச்சிட்டிருந்தால் அதே 3,400 வெறும் ஏழு மடங்கு சொச்சம்தான். ஓர் ஆய்வகத்தின் எண்ணை வேறோர் ஆய்வகத்தின் எண்ணோடு நேராக ஒப்பிட்டு, நோய் கூடிவிட்டது என்றோ குறைந்துவிட்டது என்றோ எழுதுவது இதனால்தான் தவறு. அந்தந்த அறிக்கையின் மேல் எல்லையால் வகுத்து மடங்காக எழுதிக்கொண்டு பிறகு ஒப்பிடுங்கள்.

4. மஜ்ஜையில் நடப்பதை மனதில் வரிசைப்படுத்துவது

எண் சரிதான் என்று உறுதியானபின் காரணத்துக்குப் போகலாம். இந்தப் பகுதியை அவசரமின்றிப் படிக்க வேண்டுகிறேன். இது பிடிபட்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

செல் பிரிவதற்கு டிஎன்ஏ இரட்டிக்க வேண்டும். டிஎன்ஏவுக்குத் தேவையான தைமிடின் அலகைச் செல் யூரிடின் அலகிலிருந்து உருவாக்குகிறது. அதற்கு ஒரு கார்பன் கொடுப்பது ஃபோலேட்டின் செயல்படும் வடிவம். ஃபோலேட் குறைந்தால் இந்த வேலை நேரடியாகத் தடைபடும். பி12 குறைந்தாலும் முடிவு அதேதான், வழி மட்டும் வேறு: மெத்தில் ஃபோலேட்டிடமிருந்து மெத்தில் தொகுதியை வாங்கி ஹோமோசிஸ்டீனை மெத்தியோனினாக மாற்றும் நொதிக்குப் பி12 தேவை. பி12 இல்லையென்றால் ஃபோலேட் மெத்தில் வடிவத்திலேயே சிக்கிக்கொள்கிறது. உடலில் ஃபோலேட் இருக்கிறது, ஆனால் பயன்படும் வடிவத்தில் இல்லை.

தைமிடின் போதாதபோது அதன் இடத்தில் யூரிடின் அலகு டிஎன்ஏவுக்குள் நுழைகிறது. செல் அதை வெட்டி எடுக்கிறது, திரும்பவும் தவறான அலகே கிடைக்கிறது, மறுபடி வெட்டுகிறது. இப்படி வெட்டு மேல் வெட்டு விழுந்து இழை முறிகிறது. டிஎன்ஏ இரட்டிக்கும் கட்டத்திலேயே செல் நின்றுவிடுகிறது.

ஆனால் ஆர்என்ஏ உருவாக்கமும் புரத உருவாக்கமும் நிற்பதில்லை. உட்கரு இளமையாகவே இருக்க, சைட்டோபிளாசம் வளர்ந்துகொண்டே போகிறது, ஹீமோகுளோபினும் நிரம்புகிறது. இப்படிப் பெருத்த முன்னோடிச் செல்தான் மெகலோபிளாஸ்ட். இவற்றில் மிகப் பல, முதிர்ந்த சிவப்பணுவாகி மஜ்ஜையை விட்டு வெளியேறுவதற்கு முன்பே, மஜ்ஜைக்குள்ளேயே இறந்துபோகின்றன. இயல்பான மஜ்ஜையிலும் 10 முதல் 15 விழுக்காடு முன்னோடிகள் இப்படி வீணாகும். கடுமையான மெகலோபிளாஸ்டிக் ரத்தசோகையில் இந்த வீண் 80 விழுக்காட்டையும் தாண்டக்கூடும்.

அதே நேரத்தில், ரத்தம் போதவில்லை என்று சிறுநீரகம் எரித்ரோபாய்ட்டினை (சிவப்பணு உருவாக்கத்தைத் தூண்டும் ஹார்மோன்) அதிகமாகச் சுரக்கிறது. மஜ்ஜை முன்னோடிச் செல்களால் நிரம்புகிறது. பயிர் பொங்கி வளர்ந்தும் கதிர் பதராகப் போகும் வயலைப் போன்றது அந்த நிலை: மஜ்ஜையைப் பார்த்தால் அமோக விளைச்சல், ரத்தத்தைப் பார்த்தால் வறட்சி.

5. ஏன் குறிப்பாக எல்டிஎச்

இறக்கும் செல்லில் நூற்றுக்கணக்கான நொதிகள் இருக்க, இது மட்டும் ஏன் இவ்வளவு ஏறுகிறது என்பது நியாயமான கேள்வி. முதிர்ந்த சிவப்பணுவில் மைட்டோகாண்ட்ரியா இல்லை. குளுக்கோசை லாக்டேட் வரை உடைத்துத்தான் அது ஆற்றல் பெறுகிறது. அந்தப் பாதை ஓடிக்கொண்டே இருக்கக் கடைசிப் படியில் எல்டிஎச் வேண்டும். எனவே இந்த வரிசைச் செல்கள் எல்லாவற்றிலும் அது ஏராளம். மேலும் அது சைட்டோபிளாசத்தில் கரைந்திருக்கும் நொதி. செல்லின் உறை சிதைந்தால் உடனே வெளியேறிவிடும்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சிவப்பணு முதிர முதிர அதன் நொதிகள் குறைந்துகொண்டே வரும். ரத்த ஓட்டத்தில் உடையும் முதிர்ந்த அணுவைவிட மஜ்ஜையில் இறக்கும் முன்னோடிச் செல்லில் நொதி அதிகம். மெகலோபிளாஸ்ட் அளவிலும் பெரியது. பெருகிப்போன மஜ்ஜையில் அத்தகைய செல்கள் பெருந்தொகையாக இறக்கின்றன. சாதாரண ஹீமோலிட்டிக் ரத்தசோகையில் (சிவப்பணுக்கள் ரத்த ஓட்டத்தில் உடையும் நோய்) எல்டிஎச் சில மடங்கு ஏறுவதோடு நிற்க, இங்கே ஆயிரக்கணக்கில் போவது இதனால்தான். ரத்தசோகை கடுமையாக ஆக எல்டிஎச்சும் ஏறும் என்பதும் இதே காரணத்தால் விளங்கும்.

சிவப்பணு வரிசையில் மிகுதியாக இருப்பவை முதல் வடிவமும் இரண்டாம் வடிவமும். இயல்பான சீரத்தில் இரண்டாம் வடிவம் முதலாவதைவிட அதிகம். மெகலோபிளாஸ்டிக் ரத்தசோகையில் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாகிறது. மாரடைப்பிலும் இதே தலைகீழ் மாற்றம் வரும், ஏனென்றால் இதயத் தசையிலும் முதல் வடிவமே மிகுதி. வடிவங்களைப் பிரித்துப் பார்க்கும் பரிசோதனை இன்று அரிதாகிவிட்டது, அதற்காகச் செலவு செய்யச் சொல்ல மாட்டேன். ஆனால் மூச்சிரைப்போடும் நெஞ்சுவலியோடும் வரும் நோயாளியிடம் எல்டிஎச்சை வைத்து எதையும் முடிவு செய்யாமல் இசிஜியும் ட்ரோபோனினும் (இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் புரதம்) பார்க்க வேண்டும். கடுமையான ரத்தசோகையே இதயத்தைப் பாதிக்கக்கூடியது.

6. உடன் ஏறுபவை, ஏறாதவை

பிலிருபின். இறந்த முன்னோடிகளில் ஹீமோகுளோபின் ஏற்கெனவே உருவாகியிருக்கும். மஜ்ஜையின் மேக்ரோஃபேஜ்கள் (இறந்த செல்களை விழுங்கும் செல்கள்) அதை உடைப்பதால் மறைமுக பிலிருபின் (கல்லீரல் இன்னும் பதப்படுத்தாத வகை) ஏறும். கல்லீரல் நலமாக இருப்பதால் அது மிதமாகவே ஏறும். நம் அறிக்கையில் 2.6இல் 2.1 மறைமுக வகை. கல்லீரல் செல் நோயிலோ பித்த அடைப்பிலோ நேரடி வகையும் கணிசமாக ஏறியிருக்கும்.

எஸ்ஜிஓடி சற்று ஏறும், எஸ்ஜிபிடி பெரும்பாலும் இயல்பாக இருக்கும். முன்னது சிவப்பணு வரிசையிலும் இருக்கிறது. பின்னது முக்கியமாகக் கல்லீரலுடையது. எல்டிஎச் 14 மடங்கு ஏறியிருக்க எஸ்ஜிபிடி அசையாமல் இருப்பதே கல்லீரலைக் குற்றஞ்சாட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுகிறது. தசையிலிருந்து வந்திருக்கலாமோ என்ற ஐயம் இருந்தால் சிகே (கிரியாட்டின் கைனேஸ் என்ற தசை நொதி) பார்க்கலாம்; மெகலோபிளாஸ்டிக் ரத்தசோகையால் அது ஏறாது, ஏனென்றால் சிவப்பணு வரிசையில் அந்த நொதி இல்லை எனலாம்.

வெள்ளணு முன்னோடிகளும் இதேபோல் வீணாவதால் அவற்றிலுள்ள லைசோசைம் என்ற நொதி ஏறக்கூடும். மாலேட் டீஹைட்ரஜனேஸ், ஆல்டோலேஸ் போன்றவையும் ஏறும்; அன்றாடத்தில் யாரும் அளப்பதில்லை.

ஹோமோசிஸ்டீனையும் மெத்தில்மலோனிக் அமிலத்தையும் ஏறிய நொதிகளின் பட்டியலில் சேர்க்கும் மாணவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். அவை நொதிகள் அல்ல. பி12 இல்லாமல் நொதி வேலை செய்யாததால் தேங்கிய பொருள்கள். எல்டிஎச் உயர்வு செல் இறப்பைக் காட்டுகிறது, இவற்றின் உயர்வு வினை நின்றுபோனதைக் காட்டுகிறது. ஃபோலேட் குறைவில் ஹோமோசிஸ்டீன் மட்டும் ஏறும்; பி12 குறைவில் இரண்டுமே ஏறும். எல்டிஎச்சால் இந்த இரண்டு குறைபாடுகளையும் பிரிக்க முடியாது, இவற்றால் முடியும். சிறுநீரகச் செயலிழப்பிலும் இவை ஏறும் என்பதால் கிரியாட்டினினையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

7. ரெட்டிகுலோசைட்டைக் கணக்கிட்டுப் பிரிப்பது

மறைமுக பிலிருபின் உயர்வு, எல்டிஎச் உயர்வு ஆகிய இரண்டையும் வைத்து ஹீமோலிட்டிக் ரத்தசோகை என்று எழுதுவதே மிகப் பரவலான பிழை. ஹாப்டோகுளோபின் (கசிந்த ஹீமோகுளோபினைப் பிடிக்கும் ரத்தப் புரதம்) குறைவாக இருப்பதைக் கூடுதல் ஆதாரமாகக் காட்டுவார்கள். அதுவும் உதவாது: மஜ்ஜைக்குள் சிதையும் செல்களிலிருந்து கசியும் ஹீமோகுளோபினும் ஹாப்டோகுளோபினைத் தின்றுவிடும். மூன்றும் இரண்டு நோய்களுக்கும் பொது.

பிரித்துக் காட்டுவது ரெட்டிகுலோசைட். வெளியே அணுக்கள் உடைந்தால் நலமான மஜ்ஜை இளம் அணுக்களை அள்ளி அனுப்பும். மஜ்ஜைக்குள்ளேயே இறந்தால் அனுப்ப ஒன்றும் இருக்காது.

விழுக்காட்டை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் திருத்த வேண்டும். நம் நோயாளிக்கு ரெட்டிகுலோசைட் 2.4 விழுக்காடு, ஹீமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, விழுக்காட்டில்) 15 என்று வைத்துக்கொள்வோம். 2.4ஐ 15ஆல் பெருக்கி, இயல்பான ஹீமட்டோக்ரிட்டான 45ஆல் வகுத்தால் 0.8. ஹீமட்டோக்ரிட் 15 உள்ளவரிடம் இளம் அணுக்கள் ரத்தத்தில் கூடுதல் நாட்கள் சுற்றுவதால் அதற்கான 2.5ஆல் மறுபடி வகுத்தால் 0.3 அளவில் நிற்கும். இந்தக் குறியீடு 2க்குக் கீழே இருந்தால் மஜ்ஜை ஈடுகொடுக்கவில்லை. 3க்கு மேல் இருந்தால் ஈடுகொடுக்கிறது. திருத்தாமல் 2.4ஐ மட்டும் பார்த்தவர், இயல்பைவிடச் சற்று அதிகம் என்று எழுதி எதிர்த்திசையில் போயிருப்பார்.

பிறகு ஸ்மியர். முட்டை வடிவப் பெரிய சிவப்பணுக்களைத் தேடுங்கள். நியூட்ரோபில்களில் (ஒரு வகை வெள்ளணு) உட்கரு ஐந்து மடல் கொண்டவை 5 விழுக்காட்டுக்கு மேல் இருந்தாலோ, ஆறு மடல் கொண்ட ஒன்று தென்பட்டாலோ மெகலோபிளாஸ்டிக் மாற்றத்துக்கு வலுவான ஆதாரம்.

இங்கே கவனமாக இருக்க வேண்டிய ஒரு நிலை உண்டு. கடுமையான பி12 குறைவில் தட்டணுக்களும் குறையும், ஸ்மியரில் உடைந்த சிவப்பணுத் துண்டுகளும் தெரியும், எல்டிஎச்சும் மிக உயரும். இது சிறு ரத்தக்குழாய்களில் தட்டணுக் கட்டிகள் உண்டாகும் டிடிபி எனப்படும் உயிராபத்தான நோயைப் போலவே தோன்றும். குறைந்த ரெட்டிகுலோசைட்டும் ஆயிரங்களில் ஏறிய எல்டிஎச்சும் பி12 குறைவின் பக்கம் சாயும். ஆனாலும் ஐயம் இருக்கும்வரை மூத்த மருத்துவரை உடனே அழைக்க வேண்டும். டிடிபியில் பிளாஸ்மா மாற்றச் சிகிச்சை தாமதமானால் உயிர் போகும், ஆகவே ஆய்வக ஊகத்தை நம்பிக் காத்திருக்கக் கூடாது.

8. எம்சிவி இயல்பாக இருக்கும்போது

பி12 குறைவோடு, சிவப்பணுவைச் சிறிதாக்கும் இரும்புச்சத்துக் குறைவோ பரம்பரையான தலசீமியா கூறோ சேர்ந்திருந்தால் பெரிய அணுவும் சிறிய அணுவும் கலந்து, சராசரியான எம்சிவி 88 என்று இயல்பாக வரும். நம் மக்களிடம், குறிப்பாகப் பெண்களிடம், இரும்புச்சத்துக் குறைவு மிகப் பரவலாக இருப்பதால் இதை அரிய விதிவிலக்காக ஒதுக்கக் கூடாது.

எம்சிவி ஏமாற்றும் இடத்தில் மற்றவை உதவும்: ஆர்டிடபிள்யூ (சிவப்பணுக்களின் அளவு வேறுபாட்டைக் காட்டும் எண்) உயர்ந்திருக்கும், பல மடல் நியூட்ரோபில்கள் மறையாமல் இருக்கும், விளக்க முடியாத எல்டிஎச் உயர்வும் இருக்கலாம். ஃபெரிட்டின் (உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் புரதம்) பார்க்கும்போது மட்டும் ஓர் எச்சரிக்கை: மஜ்ஜை இரும்பைப் பயன்படுத்தாமல் வீணாக்கும் காலத்தில் சீரம் இரும்பும் ஃபெரிட்டினும் இருப்பதைவிட உயர்வாகக் காட்டும். சிகிச்சை தொடங்கியபின் இரும்பு சட்டென இறங்கும். உண்மையான குறைவு அப்போதுதான் வெளிப்படலாம்.

9. சிகிச்சைக்குப் பின் எந்த எண் எப்போது அசையும்

ஊசி போட்ட ஓரிரு நாட்களில் மஜ்ஜையின் தோற்றம் திருந்தத் தொடங்கும். வீணாகும் செல்கள் குறைவதால் எல்டிஎச் முதல் வாரத்துக்குள் தெளிவாக இறங்கும், பிலிருபினும் கூடவே இறங்கும். ரெட்டிகுலோசைட் மூன்றாம் நான்காம் நாளில் ஏறத் தொடங்கி ஏழாம் நாளை ஒட்டி உச்சம் தொடும். ஹீமோகுளோபின் அதன் பிறகே மெதுவாக ஏறும். பல மடல் நியூட்ரோபில்கள் இரண்டு வாரம் வரை தென்படும்; எம்சிவி சீராக ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும்.

முதல் சில நாட்களில் புதிய செல்கள் பொட்டாசியத்தை உள்ளிழுப்பதால் ரத்தத்தில் அது குறையலாம். கடுமையான ரத்தசோகை உள்ளவர்களிடம், குறிப்பாக நீர் வெளியேற்றும் மாத்திரை எடுக்கும் முதியவர்களிடம், அதைக் கண்காணிக்க வேண்டும்.

பி12 நிலை தெரியாமல் ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுப்பது ஆபத்தானது. ரத்தம் திருந்தும், எல்டிஎச் இறங்கும், அறிக்கை அழகாகத் தெரியும். ஆனால் பி12 குறைவால் வரும் நரம்புச் சேதம் உள்ளுக்குள் தொடரும் அல்லது கூடும். எண்கள் நல்லபடி மாறுவதே இங்கே ஏமாற்றுகிறது.

இனி, முதல் பகுதியில் ஊசியைப் பற்றிக் கேட்கச் சொன்னதன் காரணம். எங்கோ பி12 ஊசி போட்டுக்கொண்ட நோயாளி ஆறாம் நாளில் உங்களிடம் வருகிறார் என்று வையுங்கள். ரெட்டிகுலோசைட் 20 விழுக்காடு; எல்டிஎச் இறங்கிக்கொண்டிருந்தாலும் இன்னும் இயல்பைவிட உயர்வு; மறைமுக பிலிருபினும் சற்று மேலே; ஹீமோகுளோபின் இன்னும் 6. ஏழாம் படியின் விதிப்படி இது அசலான ஹீமோலிட்டிக் ரத்தசோகை போலவே இருக்கும். கூம்ஸ் பரிசோதனை (சிவப்பணுக்களின்மேல் எதிர்ப்பொருள் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது) நெகட்டிவ் என்று வந்ததும் அரிய பரம்பரை நோய்களைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். ஊசி போட்ட நாள் தெரிந்தால் இது குணமாகும் கட்டம் என்பது ஒரே பார்வையில் விளங்கும். ஐயம் இருந்தால் நான்கைந்து நாள் கழித்து மறுபடி எடுத்துப் பாருங்கள்: ரெட்டிகுலோசைட்டும் எல்டிஎச்சும் சேர்ந்தே இறங்கி, ஹீமோகுளோபின் ஏறினால் சிகிச்சை வேலை செய்கிறது.

இரண்டு வாரம் கடந்தும் எல்டிஎச் இறங்கவில்லை, ரெட்டிகுலோசைட்டும் எழவில்லை என்றால் முதலில் ஊசி உண்மையிலேயே போடப்பட்டதா, பி12 தேவைப்படுபவருக்கு ஃபோலிக் அமிலமோ அல்லது மறுதலையாகவோ போனதா, தடை செய்யும் மருந்து இன்னும் தொடர்கிறதா என்று பார்க்க வேண்டும். ரெட்டிகுலோசைட் மட்டும் எழாமல் நின்றால் இரும்புச்சத்துக் குறைவையும் கிருமித்தொற்றையும் தேட வேண்டும். இவை எதுவும் இல்லாமல் எல்டிஎச் உயர்ந்தே நின்றால், மையலோடிஸ்பிளாஸ்டிக் நோயையும் (மஜ்ஜையில் ரத்தச் செல்கள் கோளாறாக உருவாகும் நோய்) லிம்ஃபோமா என்ற நிணநீர்ச் செல் புற்றுநோய் போன்றவற்றையும் விலக்குவதற்காக மஜ்ஜைப் பரிசோதனைக்கு நோயாளியை ரத்தவியல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அந்தக் கடிதத்தில் ஊசி போட்ட தேதிகளையும், ஒவ்வோர் எல்டிஎச் எண்ணுக்கும் அருகில் அந்த ஆய்வகத்தின் மேல் எல்லையையும் எழுதி அனுப்புங்கள்.